கண் சிமிட்டிய நட்சத்திரம்



கிரகங்கள், விண்வெளி பற்றிய ஆவணப்படங்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பீர்கள்தானே? மேல்விஷாரத்தில் எங்கள் தெருவில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். அப்படி ஒரு படம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"யுரேனஸைச் சுத்தி வளையம் இருக்காம் சார். இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க கண்டுபிடிக்கிறது. தோல் பதனிடுற நம்ம ஊர்ப் பக்கத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான்.

சம்பந்தம் உண்டு! எங்கள் ஊரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூர், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடிக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வருவது காவலூர். நகர வெளிச்சம் எட்டாத இருண்ட வானம் வேண்டும் என்று விஞ்ஞானி வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1972-ல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது.

1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு. தொலைவில் உள்ள ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப்போகிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தார்கள். அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் தொலைநோக்கியை வைத்து, இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்தார்கள். நம்மவர்கள் காவலூரில் காத்திருந்தார்கள். எல்லோரும் அந்த நட்சத்திரத்தின் ஒளியை விடாமல் அளந்தார்கள்.

என்ன ஆச்சரியம்! கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் கண் சிமிட்டியது. விமானத்தில் எடுத்த பதிவில், கிரகத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து முறை, அந்தப் பக்கம் ஐந்து முறை ஒளி மங்கியிருந்தது. காவலூரிலும் ஒளி மங்கியது பதிவானது. 'புதிய துணைக்கோளாக இருக்குமோ?' என்றுதான் நம்மவர்கள் முதலில் எண்ணினார்கள். பல இடங்களின் பதிவுகளை ஒப்பிட்ட பிறகு உண்மை விளங்கியது. அவை யுரேனஸின் மெல்லிய வளையங்கள்!

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். இருட்டான அறையில், சற்றுத் தள்ளி நின்று நண்பன் ஒரு சின்ன டார்ச் விளக்கைப் பிடிக்கட்டும். நீங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணுக்கு முன்னால் ஒரு வளையலை மெதுவாக நகர்த்துங்கள். வளையலின் ஒரு விளிம்பு கடக்கும்போது ஒரு முறை, மறு விளிம்பு கடக்கும்போது இன்னொரு முறை வெளிச்சம் மங்கும். ஒரே ஒரு கோலி உருண்டை என்றால் ஒரு முறைதான் மங்கும். வளையம் என்று கண்டுபிடித்த வழி இதுதான்.

1986 ஜனவரியில் வாயேஜர்-2 விண்கலம் யுரேனஸ் அருகே சென்று வளையங்களைப் படம் எடுத்து அனுப்பியது. அதே மாதம் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதற்கு வைணு பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

குழந்தைகளே, ஆவணப்படத்தில் வருவது எல்லாம் கேமரா எடுத்த படம் அல்ல. கணினியில் வரைந்த காட்சிகளும் கலந்திருக்கும். அதனால் இனி பார்க்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'இது எடுத்த படமா, வரைந்த படமா?', 'இது எப்படித் தெரிந்தது?' என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். விடை கிடைக்காததைக் குறித்துவைத்து ஆசிரியரிடம் கேளுங்கள்.

அம்மாவின் வளையலை வாங்கி இந்தச் சோதனையைச் செய்து பார்த்தான் அந்த மாணவன். இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"காவலூருக்கு எப்ப சார் போகலாம்?"