கொலையைத் துப்புத் துலக்குபவருக்கு எவ்வளவு சம்பளம்?

உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு விண்ணப்பிக்க விரும்பும் பாலையூற்று மாணவர் ஒருவர் கடந்த வாரம் என்னைச் சந்தித்தார். "சேர், கொலைக் கேஸ் விசாரிக்கிற சி.ஐ.டி. ஆக்களுக்குச் சம்பளம் எவ்வளவு? அமெரிக்காவில வருஷத்துக்கு 91 ஆயிரம் டொலராமே" என்றார்.

அவர் சொன்ன கணக்குச் சரிதான். 2023இல் அங்கு துப்பறியும் அதிகாரிகளின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 91,100 டொலர். நகரத்தையும் மேலதிக நேர வேலையையும் பொறுத்து அது கூடும், குறையும்.

நமது நாட்டில் கொலை விசாரணையாளருக்கென்று தனியான சம்பள அளவுத்திட்டம் கிடையாது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இருந்தாலும், திருகோணமலைப் பொலிஸ் நிலையத்தில் இருந்தாலும் அடிப்படைச் சம்பளத்தைத் தீர்மானிப்பவை பதவி நிலையும் சேவைக்காலமும்தான். 2016ஆம் ஆண்டின் சம்பளத் திட்டத்தில் கான்ஸ்டபிளின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 29,540 ரூபா. 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. அந்த உயர்வு 2027 ஜனவரி வரை கட்டம் கட்டமாக வழங்கப்படுகிறது. இதற்கு மேல் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 17,800 ரூபா. வருடாந்தச் சம்பள ஏற்றம், வினைத்திறன் தடைப் பரீட்சை, பதவி உயர்வு ஆகியவையே மீதியைத் தீர்மானிக்கின்றன. எத்தனை கொலைகளைத் துலக்கினார் என்பதற்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.

ஆனால் துலக்கியதற்கு விலை கொடுக்க நேரிடலாம். பம்பலப்பிட்டிய வர்த்தகர் முஹம்மத் ஷியாம் 2013 மே மாதம் கடத்திக் கொல்லப்பட்டார். சி.ஐ.டி. விசாரணையின் முடிவில், 2015 நவம்பரில் பிரதிப் பொலிஸ் மாஅதிபர் வாஸ் குணவர்தனவுக்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த விசாரணையில் முன்னின்ற ஷானி அபேசேகர 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் இடமாற்றப்பட்டார். 2020 ஜூலையில், அதே வழக்கில் சாட்சியங்களைப் புனைந்ததாகக் குற்றஞ்சாட்டிக் கைது செய்யப்பட்டார். 2021 ஜூனில்தான் பிணை கிடைத்தது. 2025இல் அவரே சி.ஐ.டி. பணிப்பாளராக மீண்டும் நியமிக்கப்பட்டார்.

நமது ஊரையும் மறக்க முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று சந்தேக நபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டனர். சம்பளத்தைக் கூட்டியிருந்தால் இந்த வழக்கு வென்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சாட்சிகள் அஞ்சாமல் தமது மொழியில் பேசவும், விசாரிப்பவர் இடமாற்றத்துக்கு அஞ்சாமல் எழுதவும் முடிய வேண்டும். சுயாதீனமான தேசிய பொலிஸ் ஆணைக்குழு தேவைப்படுவது அதனால்தான்.

அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது இதுதான்: "சம்பளத்தை மட்டும் பார்த்தா இந்த வேலைக்குப் போகாதீங்க மகன். ஆனா போங்க. சிங்களத்தையும் நல்லாப் படிச்சிட்டுப் போங்க. வாக்குமூலம் சொல்ல வாற தாய்க்கு விளங்குற மொழியில கேட்க அங்க ஒரு ஆள் வேணும்."