நண்டு வந்துவிட்டது, நுண்ணுயிர் வரவில்லை

கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர்களில் பலர், தொட்டி வாங்கிய கையோடு அதில் விடுவதற்கு உயிர்களையும் வாங்கிவிடுகிறார்கள். சூளூர்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் வீட்டிலும் அதுதான் நடந்தது. சென்னை கொளத்தூரில் வாங்கிய நூறு லிட்டர் தொட்டி, கேன்களில் பிடித்துவந்த கடல்நீர், மீனவர்கள் வலையை உதறும் இடத்தில் பொறுக்கிய உயிர்கள். சங்குக்குள் குடியிருக்கும் நண்டு சில, நாலைந்து இறால், நத்தைகள், ஒரு நட்சத்திர மீன். இரண்டு நாள் எல்லாம் துறுதுறுவென்றிருந்தன. அப்புறம் நத்தைகள் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டன. ஒரு நண்டு சங்கைவிட்டு முழுசாக வெளியே வந்து மணலில் கிடந்தது. சங்குதான் அதற்கு வீடும் கவசமும். அதைத் துறந்து வருகிறது என்றால் உள்ளே இருக்க முடியாத நிலை என்று பொருள்.

"தண்ணி தெளிவாத்தானே அண்ணா இருக்கு?" என்று அவர் கேட்டார். தெளிவாகத்தான் இருந்தது. அமோனியாவுக்கு நிறம் கிடையாது, இந்த அளவில் வாடையும் கிடையாது.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அவர் ஊரைச் சுற்றியே இருக்கிறார்கள். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டைக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இங்கிருந்து வடக்கே நெல்லூர் வரை இறால் குட்டைகள். ஏக்கர் கணக்கில் நீரை வைத்துக்கொண்டு, முதுகெலும்பில்லாத ஓர் உயிரை மாதக்கணக்கில் சாகாமல் காப்பதுதான் இந்தக் குட்டை விவசாயிகளின் பிழைப்பு. வரவேற்பறைத் தொட்டி வைத்திருப்பவருக்கும் இவர்களுக்கும் பிரச்சினை ஒன்றே. குட்டை பெரியது, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். இறால் தீவனத்தில் சுமார் 35 சதவீதம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆகவே ஒரு கிராம் தீவனத்தில் 56 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் இறாலின் உடம்பில் சேரும். மீதி சுமார் 40 மில்லிகிராம், செவுள் வழியாகவும் கழிவாகவும் தின்னாமல் மட்கிய தீவனமாகவும் தண்ணீருக்கே திரும்பிவிடும், பெரும்பகுதி அமோனியாவாக. நூறு லிட்டர் தொட்டியில் தினம் ஒரு கிராம் தீவனம் போட்டால் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் வீதம் ஏறும். மூன்றாம் நாள் 1 மில்லிகிராமைத் தாண்டிவிடும்.

அந்த ஒன்று கெடுதலா இல்லையா என்பதை பி.எச். சொல்லும். நீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. அயனி வடிவத்தில் இருப்பது அவ்வளவாக உறுத்தாது; அயனியாகாத அமோனியா செவுள் சவ்வைத் தாண்டி நேரே உடம்புக்குள் போய்விடும். கடல்நீரின் வழக்கமான பி.எச். 8.2. நம்மூர் வெப்பத்தில் அந்த நிலையில் மொத்த அமோனியாவில் சுமார் 8 சதவீதம் நச்சு வடிவத்தில் இருக்கும். பி.எச். 8.5 ஆனால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும். நச்சு வடிவம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்பது இறால் வளர்ப்பில் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. மதியத்துக்கு மேல் பாசி வேலை செய்து பி.எச். ஏறும்போது குட்டைக்காரர்கள் கவலைப்படுவதும் இதனால்தான். காலையில் தாங்கிய அதே அமோனியா சாயங்காலம் தாங்காது.

கடலில் இந்த அமோனியா எங்கே போகிறது? 1890-இல் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி அதற்கான நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். கதை அதோடு முடிந்துவிடவில்லை. அமோனியாவை மாற்றுவது பாக்டீரியா மட்டுமல்ல, ஆர்க்கியா என்ற வேறோர் உயிர்வகையும் செய்கிறது என்பதற்கு 2005-இல் உறுதியான சான்று கிடைத்தது. நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயரிடப்பட்ட அந்த உயிரை ஆழ்கடலில் தேடி எடுக்கவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில் ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியின் கல்லிலிருந்து எடுத்தார்கள். பின்னால், உலகக் கடல்களில் மிக ஏராளமாக இருக்கும் நுண்ணுயிர்களில் இதன் உறவினர்களும் உண்டு என்று தெரியவந்தது. கண்ணாடித் தொட்டியைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இந்த உயிர்களின் சிக்கல் அவற்றின் நிதானம். அழுகல் பாக்டீரியா சாதகமான சூழலில் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். நைட்ரஜனை மாற்றும் இந்தக் கூட்டத்துக்கு அரை நாளாவது வேண்டும், பல சமயம் அதற்கு மேலும். அதனால்தான் புதுத் தொட்டியை "சைக்கிள்" செய்ய மூன்று முதல் ஆறு வாரம் என்கிறார்கள். உயிர் எதுவும் இல்லாமல், அம்மோனியம் குளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து நுண்ணுயிரை வளர்த்துவிட்டு, பிறகே உயிர்களை விடுவது முறையான வழி. நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொரிப்பகங்களுக்கும் இதே விதிதான்: தாய் இறால் வருவதற்கு முன்பே ஃபில்டர் பழுத்திருக்க வேண்டும். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இறால் பொரிப்பகங்களுக்கென்றே உவர்நீர் நுண்ணுயிர்த் தொகுப்புகளை வளர்த்து, அவற்றை நிறுத்திவைக்கும் ஃபில்டர்களையும் உருவாக்கினார்கள்.

ஆனால் நண்டு ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே!

இங்கேதான் தவறான யோசனை ஒன்று பரவலாக உலவுகிறது: "தண்ணியை மாத்தாதீங்க, மாத்தினா சைக்கிள் கெட்டுடும்." நண்பருக்கும் இதைத்தான் யாரோ சொல்லியிருந்தார்கள். தண்ணீரை மாற்றினால் சைக்கிள் கெடாது. நுண்ணுயிர்களில் பெரும்பகுதி தண்ணீரில் மிதப்பதில்லை. மணலிலும் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அமோனியா குறைவாக இருந்தால் அவை பட்டினியில் செத்துவிடும் என்பதும் சரியல்ல. நண்டும் இறாலும் மூச்சுவிடும் நேரமெல்லாம் அவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. வளர்ச்சி கொஞ்சம் தாமதப்படலாம். படட்டும். உயிர் உள்ளே வந்தபிறகு எத்தனை வாரத்தில் முடிகிறது என்பது கேள்வியே இல்லை. அந்த வாரங்களை அவை எப்படிக் கழிக்கின்றன என்பதுதான் கேள்வி.

தண்ணீர் மாற்றினால் மட்டும் போதுமா? தினம் ஒரு கிராம் தீவனம் போட்டு, தினம் கால் பங்கு நீரை மாற்றினாலும் அமோனியா மெல்ல ஏறி 1.6 மில்லிகிராம் பக்கம் போய்த்தான் நிற்கும். பி.எச். 8.2 என்றால் நச்சுப் பங்கு எல்லையைத் தாண்டிவிட்டது. தீவனத்தைக் கால் கிராமாகக் குறைத்தால் அதே தண்ணீர் மாற்றத்தில் 0.4-ஐத் தாண்டாது. ஆக முதலில் குறைய வேண்டியது தீவனம். குட்டையில் நிலைமை மோசமானால் விவசாயி முதலில் செய்வதும் அதுதான். தீவனம் மிஞ்சுகிறதா என்று பார்க்கக் குட்டையில் இறக்கிவைத்த செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த வேளைத் தீவனத்தைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். நத்தையும் நண்டும் சில நாள் பசி தாங்கும், அமோனியாவைத் தாங்காது. செத்த உயிர் ஒன்று மணலுக்குள் கிடந்தால் அதுவே ஒரு பெரிய தீவனம் என்பதால், காலையும் மாலையும் தலையெண்ணிப் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

அக்வா கடைகளில் ஜியோலைட் என்ற கனிமம் மூட்டை மூட்டையாக விற்கிறது. நன்னீரில் அது அமோனியாவைப் பிடிக்கும். கடல்நீரில் அமோனியா ஒட்ட வேண்டிய இடங்களையெல்லாம் சோடியம் ஆக்கிரமித்துக்கொள்வதால் பெரிதாகப் பிடிப்பதில்லை. தொட்டிக்கு அந்தச் செலவு வீண். வெல்லம், தவிடு, ஈஸ்ட் ஊறவைத்துக் குட்டையில் ஊற்றுவதைப் பார்த்தவர்கள் அதையும் முயலப் பார்ப்பார்கள். வெல்லத்தைத் தின்று வேகமாகப் பெருகும் பாக்டீரியா அமோனியாவைத் தன் உடம்பாக்கிக்கொள்வது உண்மை. ஆனால் அது ஆக்சிஜனையும் அதே வேகத்தில் குடிக்கும். குட்டையில் ஏரேட்டர் சக்கரங்கள் இரவு பகலாகச் சுழல்கின்றன. வீட்டில் இருப்பது விரலளவு ஏர் பம்ப். 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன்தான் பிடித்துவைக்கும். அதில் வெல்லத்தைக் கொட்டினால் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பேட்டரியில் ஓடும் இன்னொரு ஏர் பம்ப் வாங்கிவைப்பது மேல். கரண்ட் போனால் மூச்சு முட்டுவது நண்டுக்கு மட்டுமில்லை, ஃபில்டரில் உள்ள நுண்ணுயிருக்கும்தான்.

நிஜமாகவே உதவுவது, பழைய தொட்டி ஒன்றில் பழுத்த ஸ்பாஞ்சையோ மணலையோ கொஞ்சம் கொண்டுவந்து சேர்ப்பது. அதைப் பக்கத்து இறால் குட்டையிலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது. 1994 வாக்கில் இந்தக் கடற்கரையின் டைகர் இறால் பண்ணைகளைச் சாய்த்த வெள்ளைப்புள்ளி வைரஸ் இறாலோடு நிற்பதில்லை. நண்டு வகைகளையும் தொற்றும். நுண்ணுயிருக்காகக் கடலிலிருந்து கல் எடுத்துவருவதிலும் கவனம் தேவை. வெளிநாட்டுக்காரர்கள் "லைவ் ராக்" என்று போடுவது பெரும்பாலும் செத்த பவளப்பாறை. இங்கே பவளங்களும் கடல் விசிறிகளும் கடல் அட்டைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டை வைத்திருப்பதும் குற்றம். சுடுமண் வளையங்களும் நல்ல ஸ்பாஞ்சும் அதே வேலையைச் செய்யும்.

சைக்கிள் ஓடத் தொடங்கினால் காரத்தன்மை இறங்கும். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை செலவாகும். இதையெல்லாம் அளந்து பார்க்க, சூளூர்பேட்டையில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. இறால் விவசாயிகளுக்காக நெல்லூர்ப் பக்கம் இயங்கும் அக்வா லேப்புகளில் அமோனியா, நைட்ரைட், காரத்தன்மை மூன்றையும் பார்த்துத் தருவார்கள். 

நைட்ரைட்டைப் பற்றிப் பயந்து புதுப்புது மருந்து ஊற்றுகிறார்கள். முழு உப்புள்ள கடல்நீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நைட்ரைட் உடம்புக்குள் போவது குறைவு. உப்பு குறைந்த நீரில்தான் அது கொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காளங்கி ஆற்று நீர் கலந்து பழவேற்காடு ஏரியின் உப்பு விழும். அந்த நாளில் ஏரி நீரைக் கேனில் பிடித்து ஊற்றினால் நைட்ரைட், உப்புச் சரிவு என்று இரண்டு அடி ஒன்றாக விழும். நட்சத்திர மீனுக்குத் தன் உடல் நீரின் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி கிடையாது. வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவே. சித்திரை வெயிலில் நேர்வது இதற்கு நேர்மாறு: ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல்நீரை அல்ல. மீனுக்கு வெள்ளைப்புள்ளி (இறாலின் வைரஸ் வேறு, இது வேறு) வந்தால் போடும் தாமிர மருந்து இந்தத் தொட்டியின் பக்கமே வரக்கூடாது. நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம்தான், ஆனால் நீரில் கரைந்த தாமிரம் மிகக் கொஞ்சமே அதைக் கொன்றுவிடும்.

மாற்றிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதும் நம் பொறுப்பு. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. குட்டைக் கழிவு ஏரிக்கும் விளைநிலத்துக்கும் என்ன செய்கிறது என்பதை அந்த வழக்கு நாட்டுக்குக் காட்டியது. ஒரு வாளித் தொட்டி நீர் அந்த அளவுக்கு இல்லைதான். ஆனாலும் வேறிடத்து நோய்க்கிருமி அதில் இருக்கலாம் என்பதால் ஏரியிலோ ஆற்றிலோ கொட்டாமல், சாக்கடையில் விடுவதே சரி. தொட்டியில் இருந்த உயிர்களையும் திரும்ப ஏரியில் விடக்கூடாது.

நண்பரின் நட்சத்திர மீன் இப்போது நாட்பட்ட தொட்டி வைத்திருக்கும் இன்னொருவர் வீட்டில் இருக்கிறது. புதுத் தொட்டி அதற்கான இடமே இல்லை. இறால்களில் இரண்டு போய்விட்டன. நண்டுகளும் நத்தைகளும் இருக்கின்றன. தினமும் கால் தொட்டி நீர் மாறுகிறது, தீவனம் ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அமோனியா இறங்கி, நைட்ரைட் ஏறத் தொடங்கியிருக்கிறது; அதாவது முதல் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது. நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, தீவனத்தை வழக்கமான அளவுக்கு உயர்த்திய பிறகும் இரண்டும் பூஜ்யத்திலேயே ஒரு வாரம் நின்றால்தான் அடுத்த உயிரைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒன்றே ஒன்று.