வரையாடும் முதுவரும்

மூணாறு சென்று திரும்பும் நம் சங்க அன்பர்கள் பலர் என்னிடம் ஒன்றைக் கேட்பதுண்டு. "ராஜமலையில் வரையாடு பக்கத்திலேயே வந்து நிற்கிறதே, அதற்கு மனிதரிடம் பயமே கிடையாதா?" என்பார்கள். ஒரு காலத்தில் பயம் நிறையவே இருந்தது. அது போன கதையைச் சொல்கிறேன்.

வேட்டை என்றதும் நமக்கு ஆப்பிரிக்கா நினைவுக்கு வருகிறது. துப்பாக்கியோடு துரை, அவருக்கு முன்னால் தடம் பார்த்துச் செல்லும் உள்ளூர்க்காரர், தொலைவில் குடு, இம்பாலா போன்ற மறிமான்கள். இதே காட்சி பழைய திருவிதாங்கூரின் வடகோடி மலைகளிலும் நடந்தது. மறிமானுக்குப் பதில் இங்கே வரையாடு. தடம் பார்த்தவர்கள் முதுவர்கள்.

முதுவர் பேசுவது தமிழோடு நெருங்கிய மொழி. மதுரையிலிருந்து தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களது மரபுவழிச் செய்தி.

வரையாட்டை நெருங்குவது எளிதன்று. அதன் கண்பார்வை மிகக் கூர்மையானது. கூட்டம் மேயும்போதும் படுக்கும்போதும் ஒன்றிரண்டு ஆடுகள், பெரும்பாலும் பெண் ஆடுகள், காவல் நிற்கும். ஆபத்து கீழிருந்தே வரும் என்பது அதன் எண்ணம். ஆகவே பள்ளத்தாக்கையே பார்த்திருக்கும். எனவே வேட்டைக்காரன் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, மேலிருந்து இறங்க வேண்டும். வெயில் ஏறியபின் காற்று சரிவில் மேல்நோக்கி வீசும். அப்போது மேலே இருப்பவனின் வாடை கீழே எட்டாது. காலையிலும் மாலையிலும் புல்வெளியில் மேயும் கூட்டம் உச்சிவேளையில் எந்தப் பாறையில் ஒதுங்கும், எந்தச் சோலை ஓரமாகப் போனால் மறைவு கிடைக்கும் என்பதெல்லாம் அந்த மலையிலேயே வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

துரைமார் நாடியது முதுகில் வெண்பட்டை விழுந்த முதிர்ந்த கிடாவை. ஆங்கிலத்தில் அதற்கு 'சேடில்பேக்', அதாவது சேணமுதுகு என்று பெயர். நான் படித்த வேட்டைக் குறிப்புகளில் துரையின் பெயர் இருக்கும், கொம்பின் அளவு அங்குலக் கணக்கில் இருக்கும். வழிகாட்டிய முதுவரின் பெயர் பெரும்பாலும் இராது.

இரவிகுளம் மலைப்பகுதி கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியின் வேட்டைக்காடாக இருந்தது. 1928இல் ஏற்பட்ட ஹைரேஞ்ச் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் வேட்டையை முறைப்படுத்தியது. கண்டபடி சுடுவதைத் தடுக்க அச்சங்கம் காவலர்களாக நியமித்ததும் முதுவர்களையே. வேட்டைக்குப் பயன்பட்ட அதே அறிவு காவலுக்கும் பயன்பட்டது.

1971இல் நிலம் கேரள அரசுக்கு வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் சேர்த்தது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். பூங்காவினுள் லக்கம்குடி என்ற முதுவர் குடி உள்ளது. கோடையில் பெருந்தீ பரவாமல் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பதிலும் காவல் பணியிலும் முதுவர்கள் இன்றும் ஈடுபட்டிருக்கிறார்கள்.

ராஜமலை ஆடுகளின் பயம் தெளிந்ததற்கு வேட்டை நின்றது ஒரு காரணம். தோட்டத்தார் உப்பு வைத்துப் பழக்கியது இன்னொன்று. பூங்காவின் உட்பகுதியில் உள்ள கூட்டங்கள் இன்றும் ஆளைக் கண்டால் பாறைக்கு ஓடிவிடும். ஆகவே நாம் ராஜமலையில் காண்பது வரையாட்டின் இயல்பு அன்று. அது நம்மீது வைத்த நம்பிக்கை.

2025இல் கேரளமும் தமிழகமும் சேர்ந்து எடுத்த கணக்கில் வரையாடுகள் 2,668. உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக இல்லை. ஆண்டுதோறும் குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுகிறார்கள். பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். ஆடு அருகில் வந்தால் தின்பண்டம் நீட்டாதீர்கள், தொடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் காவலர் முதுவராக இருந்தால் இரண்டு வார்த்தை தமிழில் பேசிப் பாருங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்திகள் அவரிடம் கிடைக்கும். அவருடைய பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.