குரூப் எடுக்கிற நாள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுவாரம் எந்த அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சேர்க்கை மேசைக்கு முன்னால் அப்பா, அம்மா, நடுவில் மகள். மதிப்பெண் பட்டியலில் கணக்கு 80-ஐத் தாண்டியிருக்கும். "என்ன குரூப்மா எடுக்கிறே?" என்று டீச்சர் பெண்ணைப் பார்த்துத்தான் கேட்பார். பதில் அப்பாவிடமிருந்து வரும்: "மேத்ஸ் எல்லாம் கஷ்டம் டீச்சர். ஆர்ட்ஸ் குரூப்பே போடுங்க. பொம்பளப் புள்ளதானே." ஐந்து நிமிடத்தில் படிவம் நிரம்பிவிடும்.

அந்த ஐந்து நிமிடம் எதையெல்லாம் மூடுகிறது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் பி.இ. கலந்தாய்வுக்குப் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். தொழிற்பிரிவு மாணவர்களுக்கு மட்டும் தனி ஒதுக்கீடு. கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்தால் பொறியியல் கைநழுவிவிடும். கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ முதன்மைப் பாடமாக எடுப்பதும் சிரமம். விதி பையனுக்கும் இதேதான். ஆனால் அவனுக்குக் கணக்கு கஷ்டமாக இருந்தால் ட்யூஷன் வைக்கிறோம். அவளுக்குக் கஷ்டமாக இருந்தால் குரூப்பை மாற்றுகிறோம்.

பெண்களுக்கு அறிவியலில் நாட்டமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுக்க அறிவியல் பிரிவுகளில் படித்த 57.2 லட்சம் பேரில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். பெண்கள்தான் அதிகம். பொறியியலுக்கு வந்தால் கதை வேறு: பத்துப் பேரில் மூன்று பெண்கள் தேறுவதே பாடு. ஐஐடிகளில் ஒரு காலத்தில் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. 2018-ல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை உருவாக்கி, 2020-க்குள் 20 சதவீதம் என்று இலக்கு வைத்த பிறகே அந்த எண்ணிக்கை நகர்ந்தது. இருக்கிற இடங்களுக்கு மேல் சேர்த்த இடங்கள் அவை. யாருடைய இடமும் பறிபோகவில்லை.

புத்தகம் படிக்கும் இடத்தில் பெண்கள் இருக்கிறார்கள், வயரைத் தொடும் இடத்தில் குறைகிறார்கள். இதன் தொடக்கத்தைப் பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். இருபாலர் பள்ளி, நான்கு பேருக்கு ஒரு மீட்டர் பிரிட்ஜ். பையன் இணைப்பு கொடுப்பான், சாவியை அழுத்துவான், கால்வனாமீட்டர் முள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பான். "உன் கையெழுத்து அழகா இருக்கு" என்று அளவீட்டைக் குறிக்கும் வேலை அவளுக்கு வந்து சேரும். இரண்டு ஆண்டு முடிவில் கருவி அவன் கைக்குப் பழகியிருக்கும். அவளிடம் பிழையில்லாத ரெக்கார்டு நோட்டு இருக்கும். விவரமான ஆசிரியர்கள் வாரம் மாற்றி வேலையையும் மாற்றிவிடுகிறார்கள். பைசா செலவில்லை.

கையில் கருவி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை அருகே திருமங்கலத்தில் சான்று இருக்கிறது. அங்குள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள், நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளோடு சேர்ந்து ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோளுக்கான கருவிகளில் பங்கெடுத்தார்கள். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்த பணி. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எஸ்எல்வி ராக்கெட் கிளம்பியது. செயற்கைக்கோளைச் சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை. அத்தனை உழைப்பும் போயிற்று. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை அடைந்தது. தோற்றால் மறுபடி செய்வதுதான் பொறியியல் என்பதை எந்தப் பாடநூலும் இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்காது.

மேசைக்கு முன்னால் நின்ற இன்னொரு அப்பாவையும் சொல்ல வேண்டும். சென்னையில் லலிதா என்ற பெண்ணுக்கு 15 வயதில் கல்யாணம். 18 வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு விதவையானார். அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வரிடம் போய் மகளுக்கு இடம் கேட்டார். 1943-ல் லலிதா பட்டம் பெற்றபோது, சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதித் தர வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அவர், பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிப் பணியில் வேலை பார்த்தார். அவருக்குத் துணிச்சல் இருந்தது. அதோடு, கேட்கப் போன அப்பாவும் இருந்தார்.

பேராசிரியர் மகளுக்குத்தான் அதெல்லாம் என்பவர்களுக்கு: செங்கோட்டை அரசுப் பள்ளியிலும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலும் படித்த நிகர் ஷாஜிதான், 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் சூரியனைப் பார்க்கும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர்.

பணம்தான் தடை என்றால் இவை நினைவில் இருக்கட்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மேற்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் உண்டு; அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பெண்கள், ஏஐசிடிஇ ஏற்பு பெற்ற கல்லூரியில் பட்டமோ டிப்ளமோவோ படிக்க பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஆண்டுக்கு 50,000 ரூபாய்.

ஆர்ட்ஸ் குரூப்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் இணையவழிப் படிப்புக்கு, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் இருந்தால் பிளஸ் டூவில் எந்த குரூப்பும் சரி. ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடமும் ஒரு தகுதித் தேர்வும்தான். பாலிடெக்னிக்கோ பத்தாம் வகுப்புத் தேர்ச்சியிலேயே கதவைத் திறக்கிறது. மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம்.

இந்த ஆண்டு சேர்க்கை மேசைக்குப் போகும் அப்பாக்களே, டீச்சர் உங்கள் மகளைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும்.