காலநிலை மாற்றமும் நாட்பட்ட நோய்களும்: விழுப்புரம் மாவட்டம்

ஆண்டுக்கணக்கில் நீடிக்கும், பெரும்பாலும் முற்றிலும் குணமாகாமல் மருந்தால் கட்டுப்பாட்டில் வைக்கப்படும் நோய்கள் நாட்பட்ட நோய்கள் எனப்படும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. புவி வெப்பமடைவதால் வெயிலின் கடுமையும் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையும் கூடிவருகின்றன. இவ்விரண்டும் நாட்பட்ட நோய்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை விழுப்புரம் மாவட்டத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வெயிலில் உழைப்போர்

விழுப்புரம் வேளாண்மையை நம்பியுள்ள மாவட்டம். நெல், கரும்பு, மல்லாட்டை என்று இப்பகுதியினர் அழைக்கும் வேர்க்கடலை ஆகியவை இங்கு விளைகின்றன. திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடற்கரையில் மரக்காணம் உப்பளங்கள் உள்ளன. மழைக்காலம் ஓய்ந்தபின் தொடங்கும் உப்பு உற்பத்தி கோடையில் உச்சத்தை எட்டும். உப்புப் பாத்திகளில் ஒதுங்க நிழல் கிடையாது. வெண்ணிற உப்பும் வெயிலைத் திருப்பி அடிக்கும்.

வெப்பம் சிறுநீரகத்தை எப்படிப் பாதிக்கிறது?

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் மேலும் மேலும் வியர்க்கிறது. இழந்த நீரை ஈடுசெய்யாவிட்டால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தின் அளவு குறைகிறது. ஒரு நாள் இப்படி நேர்ந்தால் சிறுநீரகம் தேறிவிடும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் சிறு காயங்கள் சேர்ந்து நிலையான தழும்பாகின்றன. பணியிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது பாதிப்பை மேலும் கூட்டுகிறது. உடம்பு வலிக்கு அடிக்கடி விழுங்கும் வலிநிவாரணி மாத்திரைகளும் நீரிழந்த சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும்.

ஆய்வுகள் கூறுவது

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைவிட அதிக வெப்பத்தில் வேலை செய்தனர். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. தமிழக விவசாயத் தொழிலாளர்களிடம் நடத்தி 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வில், சுமார் 5 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

ஆந்திரத்தின் உத்தானம் பகுதி, இலங்கையின் வடமத்திய மாகாணம், நடு அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் ஆகிய இடங்களிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் உழைப்பாளரிடையே பரவலாக உள்ளது. குடிநீர், பூச்சிக்கொல்லி ஆகியவற்றின் பங்கும் ஆராயப்படுகிறது. வெப்பம் ஒன்றே காரணம் என்று முடிவாகிவிடவில்லை.

வெள்ளமும் மருந்தும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலை, இரயில் போக்குவரத்துகள் தடைபட்டன. இத்தகைய நாள்களில் நாட்பட்ட நோயாளிகளுக்குத் தனி ஆபத்து உண்டு. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் மருத்துவமனைக்குச் செல்ல முடியாமல் போகிறது. மின்சாரம் நின்றால் குளிர்பதனப் பெட்டியில் உள்ள இன்சுலின் கெடக்கூடும். மாத்திரைகள் நனைந்து வீணாகின்றன.

அரசுத் திட்டங்களும் இடைவெளிகளும்

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இந்த ஏற்பாடு உடனடி மரணத்தையே கணக்கில் கொள்கிறது. பத்தாண்டு வெயிலில் சிறுநீரகம் பழுதான தொழிலாளி இதில் இடம்பெறுவதில்லை.

எச்சரிக்கை முறையிலும் ஓர் இடைவெளி உள்ளது. கடலோரத்தில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அதிகமாகவும் இருந்தால்தான் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. 35 டிகிரியில் புழுக்கம் மிகுந்த நாளும் உப்பளத் தொழிலாளிக்கு ஆபத்தானதே. ஆனால் அது வெப்ப அலை நாளாகக் கணக்கில் வருவதில்லை.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய ‘சீர்மிகு சிறுநீரகம் காப்போம்’ திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் பாதிப்பைக் கண்டறிகிறது. இரண்டும் பயனுள்ளவை. எனினும் காரணம் தெளிவாகாத இவ்வகை நோயில், தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் வெளியேறுவதில்லை. சிறுநீர்ப் பரிசோதனை ‘நலம்’ என்று காட்டினாலும் நோய் உள்ளே வளரக்கூடும். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்த்தால்தான் அது தெரியவரும்.

செய்யக்கூடியவை

நடு அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் ‘நீர், ஓய்வு, நிழல்’ என்ற எளிய முறை கடைப்பிடிக்கப்பட்டு, தொழிலாளரின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. மரக்காணத்துக்கும் இது பொருந்தும். பாத்தி ஓரங்களில் நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை, நண்பகலைத் தவிர்க்கும் வேலை நேரம் ஆகியவை முதல் தேவைகள். உப்பள, வயல் தொழிலாளருக்கு ஆண்டுக்கொருமுறை கிரியேட்டினின் பரிசோதனை அடுத்த தேவை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு மாத மருந்தைக் கூடுதலாக வழங்குவதும், டயாலிசிஸ் நோயாளிகளின் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் வைத்திருப்பதும் வெள்ளக் காலத்தில் உயிர் காக்கும்.

குடும்பத்தினரும் சிலவற்றைக் கவனிக்கலாம். வெயிலில் வேலை செய்பவரின் சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து எடுக்கக் கூடாது. ஏற்கெனவே இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சிறுநீரகம் பெருமளவு பழுதாகும்வரை வலியோ வெளிப்படையான அறிகுறியோ தெரியாமல் இருக்கலாம். ஆகவே உடலில் குறை எதுவும் தெரியாதபோதே பரிசோதித்துக்கொள்வது நல்லது.