மார்பகப் புற்றுநோயும் ஒரகடத்து மாதரும்

கைத்தொழில் வளராத தேசம் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் என்பது நம் நாட்டார் பட்டறிந்த உண்மை. அக்கைத்தொழில் இன்று ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய ஊர்களில் மோட்டார் வண்டிகளாகவும் டெலிபோன் கருவிகளாகவும் உருவெடுத்து உலகச் சந்தைக்குச் செல்கின்றது. அக்கருவிகளைக் கோத்து முடிக்கும் கைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கைகள். வல்லம் வடகாலில் 2024 ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட விடுதியில் மாத்திரம் 18,720 பெண்கள் தங்க இடமுண்டு. இவர்களுடைய தேக சுகத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். ஆனால் மார்பகத்தில் தோன்றும் நோயென்றால் ஆண்மக்கள் யாவரும் நாணி வாய் மூடுகிறார்கள். அந்த மௌனத்தின் விலை உயிர்.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2022 ஆம் வருஷத்தில் இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்ட ஸ்திரீகள் ஏறக்குறைய 1,92,000 பேர். அவ்வருஷம் அந்நோயால் மாண்டவர் ஏறக்குறைய 98,000 பேர். இதை விதியென்று சொல்லி விட்டுவிடுவது எளிது. விஞ்ஞானம் அவ்வாறு சொல்லவில்லை.

நம் தேகம் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுக்கள் என்னும் கட்டளைகள் அடங்கியுள்ளன. செம்பரம்பாக்கம் ஏரியில் மதகைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஆள் இருப்பதுபோல, உயிரணுவைப் பெருகச் செய்யும் மரபணுக்களும் உண்டு. பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் மரபணுக்களும் உண்டு. திறப்பவன் தன் வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டே போனால் பயிருக்கு உதவ வேண்டிய நீரே பயிரை அழிக்கும். அங்ஙனம் வரம்பு மீறிப்போன வளர்ச்சி மரபணுவையே விஞ்ஞானிகள் புற்றுநோய் தூண்டும் மரபணு என்கிறார்கள்.

இவ்வுண்மை ஒரு நாளில் விளங்கிவிடவில்லை. 1911 இல் பெய்டன் ரௌஸ் என்பவர் கோழிக்குக் கட்டி உண்டாக்கும் நுண்கிருமியொன்றைக் கண்டார். அக்கிருமியிலிருந்த தீய வித்து, கோழியின் சொந்த மரபணுவிலிருந்தே கவரப்பட்டதென்று பிஷப், வார்மஸ் என்ற இருவர் 1976 இல் நிரூபித்தார்கள். பகை வெளியிலிருந்து மட்டும் வருவதன்று; உள்ளிருக்கும் நல்லதே கெடுவதும் உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. பின்னர், அமெரிக்காவில் ராபர்ட் வைன்பர்கின் ஆராய்ச்சிசாலையில், எலியின் நரம்புக் கட்டிகளை ஆராய்ந்து, இத்தகைய மரபணுவொன்று உண்டாக்கும் புரதத்தை 1982 இல் கண்டு வெளியிட்டவர்களில் முதல்வர் நம் தேசத்தவரான லக்ஷ்மி சரண் பாடி. மனிதரிடமுள்ள அதே மரபணுவுக்கு ஹெர்-2 என்று பெயர். 1987 இல் டெனிஸ் ஸ்லேமன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்து, அவற்றில் நூற்றுக்கு முப்பது வீதம் இம்மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதையும், அப்படிப் பெருகியவர்களுக்கு நோய் விரைவில் மீளுவதையும் எடுத்துக் காட்டினார்கள். இன்றைய கணக்கில் இவ்வகை நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை என்று சொல்லுகிறார்கள்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கருத வேண்டும். ஹெர்-2 பெருக்கம் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கு வருவதன்று. ஒருத்தியின் வாழ்நாளில் அவள் மார்பகத்து உயிரணுவில் நேரிடும் கேடு. தடுக்கும் மரபணுக்கள் பழுதாகிப் பரம்பரையாய் வரும் வகை வேறு. அது நூற்றில் ஐந்து முதல் பத்து வரையில்தான். ஆகையால் நோயுற்றவளின் குலத்தைப் பழிப்பதும், அவள் தங்கையின் விவாகத்தைத் தடுப்பதும் அறியாமையோடு அநியாயமும் ஆகும்.

மரபணுவை அறிந்ததன் பயன் மருந்தாக வந்தது. ஹெர்-2 வின் கட்டளையை மறிக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தை அமெரிக்கா 1998 இல் அங்கீகரித்தது. ஆனால் அதன் விலை நம் ஏழைகளுக்கு எட்டாக் கனியாயிருந்தது. 2013 இல் அந்நியக் கம்பெனி இந்தியாவில் அதன் பேடண்டு உரிமையைத் தொடராமல் விட்டது. 2014 இல் பெங்களூர் பயோகான் கம்பெனி சுதேசித் தயாரிப்பை வெளியிட்டது. அப்பொழுதும் 440 மில்லிகிராம் புட்டியின் விலை 57,500 ரூபாய்! 2015 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதனை இன்றியமையாத மருந்துகளின் ஜாபிதாவிற் சேர்த்தது. இன்றியமையாதது என்று ஒப்புக்கொண்ட மருந்து ஏழைக்குக் கிட்டாவிடில், அந்த ஜாபிதா வெறுங் காகிதமே.

இனிச் சட்டத்தைக் குறித்து ஒரு வார்த்தை. 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு பெண்களை இரவு வேலையினின்றும் விலக்கியது. சமத்துவத்துக்கு விரோதமென்று சென்னை ஹைகோர்ட்டு 2000 ஆம் வருஷம் அதனைச் செல்லாததாக்கிற்று. அத்தீர்ப்பு நியாயமானதே, பெண்ணின் பிழைப்பை அடைக்கும் கதவு காவலாகாது. ஆனால் இரவு முறை வேலை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக் கூடியதாயிருக்கலாம் என்று மேற்சொன்ன சர்வதேச ஸ்தாபனம் 2007 இல் வகைப்படுத்தி, 2019 இல் மறுபடியும் உறுதிப்படுத்தியிருக்கிறது. உரிமை பெண்ணுக்கு வந்தபோதே, அவளைக் காக்கும் பொறுப்பு முதலாளிக்கும் சர்க்காருக்கும் வந்துவிட்டது. முன்னதைப் பெற்றுக்கொண்டு பின்னதை மறப்பது தர்மமன்று.

செய்யத்தக்கது யாது? பெரிய யந்திரங்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. பம்பாய் டாடா நினைவு ஆஸ்பத்திரியார் 1998 முதல் ஒன்றரை லட்சம் ஸ்திரீகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2021 இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியப் பெண்கள் இரண்டு வருஷத்துக்கொரு முறை கையாற் சோதித்ததனாலேயே நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது வீதம் குறைந்தது.

விடுதிகளில் வசிக்கும் பெண்கள் பெரும்பாலும் இளையவர்கள். இந்நோய் அவ்வயதில் அரிது. ஆனால் அவர்கள் பணம் அனுப்பும் ஊர்களில் நாற்பதும் ஐம்பதும் கடந்த தாய்மார் இருக்கிறார்கள். வலியில்லாத கட்டி, தோற் சுருக்கம், காம்பில் இரத்தக் கசிவு ஆகிய அறிகுறிகளை ஒரு மகள் அறிந்தால் ஒரு குடும்பம் அறிந்ததாகும். திருமந்திரத்தைக் கோபுரத்தின் மீதேறி எல்லோருக்கும் உரைத்தவரென்று போற்றப்படும் ராமாநுஜர் பிறந்த ஊரில், உயிர் காக்கும் அறிவை ரகசியமாக வைப்பது தகாது.

ஆகவே நாம் கோருவது இது. ஒவ்வொரு விடுதியிலும் ஆலையிலும் பெண் வைத்தியர் குறித்த நாளில் வரவேண்டும். இ.எஸ்.ஐ. நிதிக்குத் தொழிலாளியும் சந்தா செலுத்துகிறாள். ஹெர்-2 சோதனையும் அதற்குரிய மருந்தும் அவளுக்குத் தாமதமின்றிக் கிடைப்பது தானமன்று, பாத்தியதை. காஞ்சீபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் அண்ணா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போகும் நாளுக்குக் கூலி பிடிக்கலாகாது. தொழிற்சங்கத்தார் கூலி, போனஸுடன் இக்கோரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துக்கத்தை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. 1954 இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி கண்டார். அன்று ஒரு ஸ்திரீ செய்ததை, இன்று கோடிக்கணக்கில் ஏற்றுமதி செய்யும் ஆலைகளும் அவற்றை அழைத்து வந்த சர்க்காரும் செய்ய இயலாதென்றால், அதை யார் நம்புவார்கள்?