தொலைநுழைவும் திறவாத துறையும்

1969 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் இரவு, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டான்போர்ட் ஆய்வு நிலையத்திலிருந்த கணினிக்குள் நுழைய முயன்றார். 'லொகின்' என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பினார். முதலிரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன; அவ்வளவில் அக்கரைக் கணினி செயலற்று நின்றுவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின்னரே நுழைவு கைகூடிற்று. தம் கணினியைத் தொலைவிலிருந்து திறக்க முடியாமல் திகைக்கும் நேயர்கள், இக்கலை பிறந்ததே ஒரு தடங்கலோடுதான் என்று அறிந்து ஆறுதல் கொள்ளலாம்.

மன்னார்த் தீவில் வாழ்வோர்க்கு இக்கலையின் பயனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெருநிலத்தோடு தீவை இணைக்கும் தாம்போதியின் பாலம் 1990 இல் போரில் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010 இல்தான் திறக்கப்பட்டது. அதே 1990 இல் நின்றுபோன புகையிரதம், 2015 மார்ச் மாதத்தில்தான் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. இன்று வழிகள் திறந்துள்ளன எனினும், கொழும்பிலிருந்து தூரம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பேசாலையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதன் கடன் கணக்குகள் யாவும் ஒரு மேசைக் கணினியில் உள்ளன. கணக்கரோ கொழும்பில் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவு திறவாத நாளில் அவர் வண்டியேறத்தான் வேண்டும். அதுவரை கடன் கேட்டு வந்தவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

தொலைநுழைவுக்கு இன்று பெரிதும் வழங்குவது எஸ்.எஸ்.எச். என்னும் முறை. ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியமை தெரியவந்த பின்னர், அங்கிருந்த தாத்து இலோனென் 1995 இல் இதனை ஆக்கினார். முன்னைய டெல்நெட் முறையில் கடவுச்சொல் மறைவின்றிச் சென்றது. இதில் அனைத்தும் மறைமொழியாகவே செல்லும். கோப்பனுப்பும் முறைக்கு 21 ஆம் துறையும் டெல்நெட்டுக்கு 23 ஆம் துறையும் இருந்தமையால், இடையில் வெறுமையாயிருந்த 22 ஐ அவர் கேட்டுப் பெற்றார். துறை என்பது, ஒரே கணினிக்கு வரும் வெவ்வேறு தொடர்புகளைப் பிரித்து ஏற்கும் இலக்கமேயாம்.

நுழைவு தவறும்போது கணினி கூறும் விடையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பலர் அதைப் படியாமலே அமைப்புகளை மாற்றத் தொடங்குகின்றனர். அதனால் ஒரு பிழை மூன்றாகிறது.

'தொடர்பு மறுக்கப்பட்டது' என்று உடனே விடை வருமாயின், பெரும்பாலும் நாம் கணினியை அடைந்துவிட்டோம். ஆனால் அத்துறையில் கேட்பார் எவருமில்லை. உபுண்டு போன்ற மேசைக் கணினிப் பதிப்புகளில் வெளியே செல்வதற்கான மென்பொருள் மட்டுமே முன்கூட்டி இருக்கும். வருவோரை ஏற்கும் சேவையகத்தை நாமே நிறுவுதல் வேண்டும். நிறுவியும் மறுப்பு வருமாயின், அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை நேர்ந்து சேவை எழாதிருக்கலாம். 'எஸ்.எஸ்.எச்.டி.' என்பதோடு 'இடைக்கோடு டி' சேர்த்து நிருவாகி உரிமையோடு இயக்கினால், பிழையுள்ள வரியை அதுவே காட்டும்.

விடையே வாராது நேரம் கடந்து போவது வேறொரு நோய். பேசாலைக் கணினி உறங்கிக் கிடக்கலாம்; மேசைக் கணினிகள் சிறிது நேரம் சும்மா இருந்தால் தாமாகவே துயிலும்படி அமைந்திருப்பதுண்டு. தீச்சுவர் வருவோரை ஓசையின்றித் தடுத்திருக்கலாம். முகவரியும் பிழையாயிருக்கலாம். 192.168 என்று தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியிலிருந்து வருவோரை ரவுட்டர்தான் 22 ஆம் துறைக்கு ஆற்றுப்படுத்த வேண்டும். ரவுட்டருக்கே 100.64 முதல் 100.127 வரையான முகவரி கிடைத்திருந்தால், இணைப்பு நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்பது பொருள். கைத்தொலைபேசி வலைவழி இணைப்புகளில் இவ்வகைப் பகிர்வு மிகுதி. அங்கே ரவுட்டரை எவ்வளவு திருத்தினும் பயனில்லை. உள்ளிருக்கும் கணினியே வெளியிலுள்ள ஒரு சேவையகத்தோடு முன்சென்று தொடர்பு கொண்டு, அவ்வழியே நம்மைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே தடை என்று அறியச் சிறந்த வழி, உள்ளிருந்து புறம் நோக்கிச் சோதிப்பதே. முதலில் அக்கணினியிலிருந்தே அதற்குள் நுழைக, அடுத்து அதே அலுவலகத்தின் வேறொரு கணினியிலிருந்து, இறுதியில் வெளியிலிருந்து. எந்தப் படியில் தவறுகிறதோ அங்கேயே குறையைத் தேடலாம்.

'அனுமதி மறுக்கப்பட்டது' என்பது மூன்றாவது விடை. வாயில் திறந்தது, காவலன் நம்மை ஏற்கவில்லை. கடவுச்சொல்லுக்கு மாற்றாகத் திறவி இணையைப் பயன்படுத்துவோர்க்கு இது அடிக்கடி நேரும். பொதுத் திறவியைச் சரியாகப் பதித்திருந்தும், அது உள்ள கோப்பிலோ அதன் அடைவிலோ பிறர் எழுதக்கூடிய அனுமதி இருந்தால் சேவையகம் அதை நம்பாது. அடைவுக்கு 700, கோப்புக்கு 600 என அனுமதி இட்டால் தீரும். மறுப்பின் காரணம் வெளியே நிற்பவருக்குச் சொல்லப்படாது. பேசாலைக் கணினியின் பதிவேட்டில்தான் அது எழுதப்பட்டிருக்கும்.

அக்கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை தோன்றினால், பழைய பதிவை அழித்துவிட்டு விரையலாகாது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியிருந்தாலும் இவ்வாறு வரும். இடையில் ஒருவன் புகுந்திருந்தாலும் இவ்வாறே வரும். தொலைபேசியில் பேசாலையை அழைத்து, அங்குள்ள திறவியின் அடையாள எழுத்துகளை வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டுக்கொள்க.

இணையத்துக்குத் திறந்த 22 ஆம் துறையில் முன்பின் அறியாத இயந்திரங்கள் இரவு பகலாகக் கடவுச்சொற்களை ஊகித்துத் தட்டிக்கொண்டேயிருக்கும். சங்கத்தின் கணக்குகள் உள்ள கணினியில் கடவுச்சொல் வழியை அடைத்துத் திறவி வழியை மட்டும் விடுவதே தக்கது. ஆனால் வரிசை முக்கியம்: திறவி வேலை செய்வதை உறுதிப்படுத்திய பின்னரே மற்றதை அடைக்க வேண்டும். சேவையை மீள இயக்கினாலும் நடப்பிலுள்ள தொடர்பு அறுவதில்லை. அதை விடாமல் வைத்துக்கொண்டே இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்க்க வேண்டும். முதற்றொடர்பை மூடிவிட்டுப் பிழையைக் கண்டவர் கொழும்பிலிருந்து புறப்பட வேண்டியதுதான்.

மின்தடையையும் எண்ணுதல் வேண்டும். மின்சாரம் மீண்டாலும் பல மேசைக் கணினிகள் அணைந்தே கிடக்கும்; தாமாக எழும்படி பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் ஒருமுறை குறித்துவிடலாம். வட்டு முழுவதும் மறைமொழியில் பூட்டப்பட்டிருப்பின், தொடங்கும்போதே அது கடவுச்சொல் கேட்டு நிற்கும். அவ்வேளையில் பேசாலையில் உள்ள ஒருவர் விசைப்பலகையைத் தொட்டே ஆகவேண்டும்.